மூன்று நிமிடம்

சென்ற வருடம் மார்ச் மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கு என் தங்கை அமெரிக்காவிலிருந்து அழைத்தாள். அந்த நேரத்தில் வருகிற போன் நல்ல சேதிக்காக இருக்காது என்ற பயத்தோடுதான் எடுத்தேன்.

"அக்கா, நீ கவிதை எழுதுறவதானே? ஒண்ணு அனுப்பியிருக்கேன், மூணு நிமிஷத்துக்குச் சுருக்கித் தா. அதுக்கு மேல போனா மைக்கை அணைச்சிருவாங்க."

அவள் அனுப்பியிருந்தது நான்கு பக்கம். அவள் மகனுக்குப் பதினோரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. வாய்ப்பேச்சு மிகவும் குறைவு. டேப்லெட்டில் படங்களைத் தொட்டால் அது அவனுக்காகப் பேசும். அவர்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் புதிய பட்ஜெட்டில் வகுப்பறை உதவியாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப்போகிறார்கள். வாரம் இரண்டு முறை தனியாகக் கிடைத்துவந்த பேச்சுப் பயிற்சி, இனி நான்கு பிள்ளைகள் சேர்ந்த குழுவில் நடக்கும். இதைப் பற்றிப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.

பள்ளி மாவட்டம் என்றதும் நம் வருவாய் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரு சிறிய ஊருக்கே தனிப் பள்ளி மாவட்டம் இருக்கலாம். பெரும்பாலும் தேர்தலில் வந்த வாரியம் அதை நடத்துகிறது. பணம் முக்கியமாக உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் வருகிறது. மத்திய அரசின் பங்கு சிறிது. ஊரில் வரி ஏறக்கூடாது என்று நினைப்பவர்களும், பிள்ளைக்கு ஒரு உதவியாளர் வேண்டும் என்று நினைப்பவர்களும் ஒரே அரங்கில், ஒரே மைக்கின் முன் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் வெட்ட ஆரம்பித்தேன். பிரசவக் கதை போனது. மருத்துவர் சொன்னது போனது. "தயவுசெய்து" ஏழு இடத்தில் இருந்தது, ஏழும் போனது. ஒரு வரியில் மட்டும் கை நின்றது: பணம் இல்லை என்ற பதிலை ஊனமுற்ற பிள்ளைக்குச் சொல்லக்கூடாதென்று 1972ஆம் ஆண்டே ஒரு நீதிபதி தீர்ப்பளித்துவிட்டார்.

"யார் அந்த நீதிபதி?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. இங்க எல்லா அம்மாவும் இதைச் சொல்வாங்க. எனக்கும் ஒரு அம்மாதான் சொன்னா."

அந்த நீதிபதியைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

அவர் பெயர் ஜோசப் வாடி. வாஷிங்டன் நகரத்தில் இருந்த மத்திய மாவட்ட நீதிமன்றத்தின் கறுப்பின நீதிபதி. 1972 ஆகஸ்ட் 1ஆம் தேதி, 'மில்ஸ் எதிர் கொலம்பியா மாவட்டக் கல்வி வாரியம்' என்ற வழக்கில் தீர்ப்பளித்தார். வழக்குப் போட்டவர்கள் ஏழு பிள்ளைகள். எல்லோரும் கறுப்பினக் குழந்தைகள். "நடத்தை சரியில்லை", "மந்தம்", "அடங்காத பிள்ளை" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிப் பள்ளிகள் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தன. இந்த ஏழு பேருக்குப் பின்னால் ஒரு பெரும் கூட்டம் இருந்தது. அந்த நகரத்தில் ஏறத்தாழ 22,000 பிள்ளைகளுக்கு ஏதோ ஒருவகைக் குறைபாடு இருந்தது என்றும், அவர்களில் 18,000 பேர் வரை சிறப்புக் கல்வி எதுவும் கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்றும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

கல்வி வாரியம் தன் தவறை ஏறக்குறைய ஒப்புக்கொண்டது. அதன் வாதம் வேறு: எங்களிடம் பணம் இல்லை, நாடாளுமன்றம் கூடுதலாக ஒதுக்கினால் ஒழிய முடியாது. வாடியின் பதிலை என் சொற்களில் சொல்கிறேன். எல்லோருக்கும் போதுமான பணம் இல்லையென்றால், இருக்கிற பணத்தை எந்தப் பிள்ளையும் முழுவதுமாக வெளியே நிற்காதபடி பங்கிட வேண்டும். பற்றாக்குறை பணத்தால் வந்தாலும் நிர்வாகத் திறமையின்மையால் வந்தாலும், அதன் சுமை மற்றப் பிள்ளைகளைவிடக் குறைபாடுள்ள பிள்ளையின் மேல் அதிகமாக விழக்கூடாது.

வீட்டில் அரிசி குறைந்தால் யார் கடைசியில் சாப்பிடுவது என்ற கேள்வியைப் பெண்கள் அனைவரும் அறிவோம். ஒரு நீதிமன்றம் அதை எடுத்துப் பேசியிருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஆனால் இந்த வழக்கில் என்னை அதிகம் உலுக்கியது வழக்கின் பெயரில் இருக்கும் அந்தப் பிள்ளை. பீட்டர் மில்ஸுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1971 மார்ச்சில், நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். அவன் தாயுடன் வாழவில்லை. நகர நிர்வாகத்தின் பொறுப்பில், 'ஜூனியர் வில்லேஜ்' என்ற குழந்தைகள் விடுதியில் இருந்தான். ஒரு அரசு அமைப்பு அவனுக்குப் பாதுகாவலர், இன்னொரு அரசு அமைப்பு அவனைப் பள்ளியிலிருந்து துரத்துகிறது. இன்று அமெரிக்க அம்மாக்கள் மைக்கின் முன் மந்திரம்போல் சொல்கிற அந்த வாசகம், தன் சார்பாக மைக்கின் முன் நிற்க வீட்டில் அம்மா இல்லாத ஒரு பிள்ளையின் பெயரில் எழுதப்பட்டது. இதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த சட்டம், நடைமுறையில் அம்மா இல்லாத பிள்ளையை மறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன் அம்மாக்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

1933ஆம் ஆண்டு, அமெரிக்கப் பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்த காலம். ஒஹையோ மாநிலத்தின் குயாஹோகா கவுண்டியில் ஐந்து தாய்மார்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள தங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் சேர்க்க மறுப்பதை எதிர்த்து ஒன்றுகூடினார்கள். பெற்றோர் இயக்கத்தின் தொடக்கமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1940களின் இறுதியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆன் க்ரீன்பெர்க் என்ற தாய் செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார்: என் பிள்ளையைப் போன்ற பிள்ளை உள்ள அம்மாக்கள் யாராவது இருக்கிறீர்களா, சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி தொடங்கலாமா என்று. அதற்குப் பதில் எழுதியவர்களிடமிருந்து ஒரு சங்கம் பிறந்தது. 1950இல் இப்படிப் பல ஊர்களில் முளைத்த சங்கங்கள் மினியாபொலிஸில் கூடித் தேசிய அமைப்பானது.

அதே 1950இல்தான் பெர்ல் எஸ். பக் தன் மகள் கேரலைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நோபல் பரிசு வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய 'குட் எர்த்' நாவலில் பேசாமல் வெயிலில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு மகள் வருவாளே, அவளை நினைவிருப்பவர்களுக்குக் கேரல் புதியவள் அல்ல. கேரலை நியூ ஜெர்சியில் ஒரு காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவுக்காகவே அவர் தீவிரமாக எழுதினார். பல வருடம் ஒரு மகளை உலகிடம் மறைத்து வைத்துக்கொண்டு, அவளுக்காக எழுதிய ஒரு பெண். நான் வகுப்பில் 'குட் எர்த்' பற்றிப் பேசியபோதெல்லாம் இதைச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

மறைப்பதற்குக் காரணம் இருந்தது. பிள்ளையின் குறைபாட்டுக்குத் தாய்தான் குற்றவாளி என்று அறிவியலின் பெயரால் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1943இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளை வைத்து ஆட்டிசம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோதே, இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் அன்பான மனம் உள்ளவர்கள் குறைவு என்று ஒரு குறிப்பு வைத்தார். அந்தக் குறிப்பு வளர்ந்து "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்ற வசைச்சொல் ஆனது. தாய் குளிர்ந்துபோனதால் பிள்ளை உறைந்துபோனதாம். இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம். நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டு வந்தவர். முகாம் கைதியின் நிலையோடு இந்தப் பிள்ளைகளின் நிலையை ஒப்பிட்டார். அப்படியென்றால் காவலாளி யார் என்பதை அவர் சொல்லாமலே வாசகர்களுக்குப் புரிந்தது. அவருடைய முனைவர் பட்டம் அழகியலில். நானும் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள்தான், பட்டத்தைக் குறை சொல்லவில்லை. நான் யார் பிள்ளைக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை, அவ்வளவே.

பெட்டல்ஹைமின் 'எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' வெளிவந்தது 1967இல். அதே வருடம் இன்னொரு புத்தகமும் வந்தது: கிளாரா கிளைபோர்ன் பார்க் எழுதிய 'தி ஸீஜ்'. தன் மகளோடு தரையில் உட்கார்ந்து, அவள் ஒரு கோப்பையை எடுத்ததிலிருந்து ஒரு சொல்லைச் சொன்னதுவரை பொறுமையாகக் குறித்துவைத்த தாயின் பதிவு. பார்க் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். ஒரே ஆண்டில் ஒரு ஆண் தாய்மார்களைப் பற்றி எழுதிய தீர்ப்பும், ஒரு தாய் தானே எழுதிய சாட்சியமும் வந்தன. நம் பெண்ணெழுத்துப் பாடத்திட்டங்களில் அந்தச் சாட்சியத்துக்கு இடம் உண்டா என்று ஆசிரியத் தோழிகளைக் கேட்க ஆசை.

1969இல் ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் கானரே எழுந்து நின்று, பெற்றோரே, உங்களை விடுவிக்கிறேன் என்கிற பொருளில் பேசினார். குற்றம் சாட்டியவரே விடுதலையும் தந்தார். இருபத்தாறு வருடம் கழித்து. அந்தச் சங்கத்தை 1965இல் தொடங்கியவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, தாயைக் குற்றம் சொல்லும் கோட்பாட்டை 1964இலேயே தன் புத்தகத்தில் உடைத்தவர். அப்பாக்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சங்கத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் ரூத் கிறிஸ்ட் ஸல்லிவன். முன்னாள் செவிலியர், ஏழு பிள்ளைகளின் தாய். 1975 சட்டத்துக்காக ஆதரவு திரட்டியதில் முன்னணியில் நின்றவர். 'ரெயின் மேன்' படத்துக்காக டஸ்டின் ஹாஃப்மன் கவனித்துப் படித்தவர்களில் அவருடைய மகனும் உண்டு. படம் பார்த்த நமக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியவில்லை.

வாஷிங்டன் வழக்குக்குச் சற்று முன், பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கமே ஒரு வழக்குப் போட்டிருந்தது. மன வயது ஐந்தை எட்டாத பிள்ளையைப் பள்ளி சேர்க்காமல் இருக்கலாம் என்று அந்த மாநிலச் சட்டம் அனுமதித்தது. 1971இல் தொடங்கி 1972இல் முடிந்த அந்த வழக்கில் மாநிலம் சமரசத்துக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று ஒப்புக்கொண்டது. வாதாடிய தாமஸ் கில்ஹூலின் தம்பி அந்த மாநிலத்தின் காப்பகம் ஒன்றில் வாழ்ந்தவர்.

இந்த இரண்டு வழக்குகளின் தோளில் ஏறித்தான் 1975 நவம்பர் 29ஆம் தேதி, ஊனமுற்ற எல்லாப் பிள்ளைகளுக்குமான கல்விச் சட்டம் வந்தது. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, பத்து லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள் என்று சட்டமே தன் முன்னுரையில் சொன்னது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும்; அதை எழுதும் மேசையில் பெற்றோருக்கு நாற்காலி உண்டு; ஒப்பவில்லையென்றால் பெற்றோர் விசாரணை கேட்கலாம். முப்பது வருடம் வாசலில் நிற்கவைக்கப்பட்ட பெண்களுக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம்.

கூடுதல் செலவில் மத்திய அரசு தாங்கும் பங்கையும் சட்டம் சொன்னது: ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை. கையெழுத்திட்ட அதிபர் ஃபோர்டு, இந்தச் சட்டம் தரமுடியாததைத் தருவதாகச் சொல்கிறது என்று அறிக்கை விட்டார். அரசியல்வாதியின் வாக்கு பலிப்பது அபூர்வம், இது பலித்தது. அந்த 40 சதவீதம் இன்றுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. 2009 பொருளாதார நெருக்கடியில் ஒருமுறை கொடுத்த சிறப்பு நிதியைத் தள்ளிவிட்டால், அதில் பாதிகூட எந்த வருடமும் வரவில்லை. 1990இல் சட்டத்தின் பெயர் மாறியது, ஆட்டிசம் தனிப் பிரிவாக உள்ளே வந்தது. பணம் வரவில்லை. 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 75 லட்சம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின்கீழ் படித்தார்கள்.

வராத அந்தப் பணத்தை யார் ஈடுகட்டுகிறார்கள்? உள்ளூர் வரி ஒரு பகுதி. இன்னொரு பகுதி எந்தக் கணக்கிலும் ஏறாதது. என் தங்கை மென்பொருள் சோதனை வேலையில் இருந்தாள். வேலையை விடு என்று யாரும் அவளைச் சொல்லவில்லை. பள்ளிக் கூட்டங்கள் எல்லாம் பகல் பதினோரு மணிக்கு வைக்கப்பட்டன, அவ்வளவுதான். அவள் கணவர் நல்ல மனிதர். மூன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். பெற்றோர் என்பது பலர்பால் சொல். தாயும் தந்தையும் அதற்குள் இருக்கிறார்கள், ஆங்கிலச் சட்டச் சொல்லிலும் இருக்கிறார்கள். நாற்காலி மட்டும் பெரும்பாலும் ஒருத்திக்கானதாகவே இருக்கிறது.

சட்டத்தின் கட்டுமானத்திலேயே இது இருக்கிறது. பிள்ளைக்குச் சேரவேண்டியது சேர்கிறதா என்று ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. மீறல் நடந்தால் கண்டுபிடிப்பது, எழுதுவது, முறையிடுவது எல்லாம் பெற்றோர். உச்ச நீதிமன்றமும் இந்தப் பாரத்தை ஒவ்வொரு கல்லாக ஏற்றியது. 1982இல் ஏமி ரௌலி என்ற செவித்திறன் குறைந்த சிறுமிக்கு வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று அவளுடைய பெற்றோர் கேட்டார்கள். அவர்களும் செவித்திறன் குறைந்தவர்கள். தாய் நான்சி ஓர் ஆசிரியை. வகுப்பில் பேசுவதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாகவே அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் கெட்டிக்காரி, தேறிவிட்டாள். தேறுகிறாளே, போதும் என்றது நீதிமன்றம். 2005இல், திட்டம் தவறு என்று முறையிடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. சில மாநிலங்கள் மட்டும் பிறகு சட்டம் போட்டு இதை மாற்றிக்கொண்டன. 2006இல், பெற்றோர் வழக்கில் வென்றாலும் நிபுணருக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்காது என்றது. 2007இல், வக்கீல் வைக்க வசதியில்லாத பெற்றோர் மத்திய நீதிமன்றத்தில் தாங்களே வாதாடலாம் என்றது. கடைசியாகச் சொன்னது வெற்றிதான். வரிசையாக வைத்துப் பார்த்தால், நிரூபிப்பது உன் வேலை, நிபுணர் செலவு உன்னுடையது, வக்கீல் இல்லையென்றால் நீயே பேசிக்கொள் என்று மூன்று வருடத்தில் சொல்லி முடித்திருக்கிறார்கள். 2017இல் எண்ட்ரூ என்ற சிறுவனின் வழக்கில், பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தங்கை அந்தத் தீர்ப்பை அச்சிட்டு வைத்திருக்கிறாள்.

பணம் சுருங்கும்போது நேரடியாக "வெட்டுகிறோம்" என்று யாரும் சொல்வதில்லை என்பதற்கு டெக்ஸஸ் சாட்சி. 2003இல் அங்கே மாநிலக் கல்விச் செலவு வெட்டப்பட்டது. அடுத்த வருடம் மாநிலக் கல்வித் துறை ஓர் அளவுகோல் வைத்தது: ஒரு பள்ளி மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல மதிப்பெண். நாட்டின் சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் "உனக்கு இல்லை" என்று கடிதம் போகவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்", "இங்கிலீஷ் பழகினால் சரியாகிவிடும்", "நீங்கள் வீட்டில் கவனிக்கிறீர்களா?" என்ற மாதிரி பதில்கள் போயின. ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2016இல் 'ஹூஸ்டன் க்ரானிக்கிள்' பத்திரிகை கணக்கைப் போட்டுக் காட்டியபோது அந்த மாநிலத்தின் சதவீதம் சொல்லிவைத்தாற்போல் 8.5இல் வந்து நின்றிருந்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் இப்படி வரம்பு வைப்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை டெக்ஸஸ் சட்டத்தை மீறியதென்று அறிவித்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியையே முடித்துவிட்டிருப்பார்கள்.

தங்கையின் ஊர்க் கதையும் இதன் சிறிய பிரதிதான். கோவிட் காலத்தில் பள்ளிகளுக்கு வந்த சிறப்பு நிதி 2024 செப்டம்பரோடு முடிந்தது. 2025 மார்ச்சில், அவள் என்னை அழைத்த அதே மாதம், மத்தியக் கல்வித் துறையின் ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டது. முறையீடுகளை விசாரிக்கும் குடிமை உரிமைகள் பிரிவின் வட்டார அலுவலகங்கள் பன்னிரண்டில் ஏழு மூடப்பட்டன. சிறப்புக் கல்விக்கு முந்தின வருடத்தைவிடக் குறைவாகச் செலவிடக்கூடாது என்று சட்டத்தில் விதி உண்டு. ஆனால் ஊழியர் தானாக விலகினால் அந்தக் குறைவுக்கு விலக்கு உண்டு. அதனால் யாரையும் நீக்க வேண்டியதில்லை. உதவியாளர் சம்பளத்தை உயர்த்தாமல் இருந்தால் போதும், அவர்களே போய்விடுவார்கள். போன இடத்தை நிரப்பாமல் விட்டால் வேலை முடிந்தது.

அந்த உதவியாளர்களும் பெண்கள். தங்கையின் முதல் பிரதியில் ஒரு வரி இருந்தது: என் மகனின் உதவியாளர் மாதத்தில் நான்கு நாள் வருவதே இல்லை. அதைக் கூர்மையாக்கித் தருகிறேன் என்றேன். அவளே வேண்டாம் என்றாள்.

"அவங்க சனி ஞாயிறு கடையில பில் போடுறாங்கக்கா. நானே பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

பிள்ளையைப் பெற்றவளின் ஊதியமில்லாத உழைப்பும், பிள்ளையைப் பார்ப்பவளின் குறைந்த ஊதிய உழைப்பும் ஒரே பட்ஜெட் வரியில் மோதவிடப்படுகின்றன. மோதல் அங்கேயும் நிற்பதில்லை. அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ்ப் பள்ளியில், பொங்கல் விழாவன்று, இன்னொரு அம்மா பக்கத்தில் வந்து சொன்னாராம்: "ஒரு பிள்ளைக்கு ஒரு ஆளா? அந்தக் காசுல எத்தனை பிள்ளைங்களுக்கு மியூசிக் கிளாஸ் நடத்தலாம், சொல்லுங்க." மியூசிக் வகுப்பும் அந்த பட்ஜெட்டில் வெட்டுப்பட இருந்தது. அந்த அம்மாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதுதான் தங்கைக்கு வலி. வாடி 1972இல் சொன்னதை அந்தப் பொங்கல் பந்தியில் எப்படி எடுத்துச் சொல்வது?

பேச்சை எந்தக் குரலில் பேசுவது என்பதிலும் எங்களுக்குள் தகராறு. நான் கண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டேன். "அழுதா உணர்ச்சிவசப்படுற அம்மா. அழலேன்னா சண்டைக்காரி. எதை வச்சுக்கட்டும், நீயே சொல்லு" என்றாள். குளிர்ந்த தாய் என்று ஒரு காலத்தில் ஏசினார்கள். இப்போது கொதிக்கிற தாய் என்கிறார்கள். பள்ளிக் கோப்புகளில் இவளைப் போன்றவர்களை எப்படிக் குறிக்கிறார்களோ தெரியாது; கூட்டத்துக்குள் நுழையும்போது அறையில் பேச்சு நிற்கும் என்பாள். வரமுடியாத தாய்மார்களின் நிலை இதைவிட மோசம்: இரண்டு வேலை பார்க்கிறவள், ஆங்கிலம் தடுமாறுகிறவள், அரசு அலுவலகம் என்றாலே தன் விசா நிலையை எண்ணி அஞ்சுகிறவள். தங்கையின் மகனுக்குக் கிடைத்தது எல்லாம் அவனுடைய உரிமையால் மட்டும் கிடைத்ததல்ல என்று அவளுக்கே தெரியும். அவன் வகுப்பில் ஒரு சிறுமி உறவினர் அல்லாத வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். அவளுக்காக மைக்கின் முன் யாரும் வருவதில்லை. பீட்டர் மில்ஸ் இன்னும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெற்றோர் இயக்கத்தின் மேல் ஊனமுற்றவர்களுக்கே விமர்சனம் உண்டு. 1993இல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர், எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்ற பொருளில் பெற்றோரை நோக்கி எழுதினார். நெருப்பு நேரத்தில் ஆபத்து என்று சொல்லிச் சக்கர நாற்காலிச் சிறுமியாய்ப் பள்ளியில் மறுக்கப்பட்ட ஜூடித் ஹ்யூமன், தாய் இல்ஸ் அவளுக்காகப் போராடியதை நன்றியோடு நினைவுகூர்ந்தவர். ஆனால் 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரங்களுக்கு மேல் உட்கார்ந்து போராடியபோது பேசியது அவருடைய சொந்தக் குரல். இதைத் தங்கையிடம் சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, கடைசி இருபது வினாடி மகனுடையது என்று எழுதி அனுப்பினாள்.

கூட்டம் ஏப்ரலில் நடந்தது. பதிவை எனக்கு அனுப்பினாள். நீல உடை, கையில் தாள், குரலில் நடுக்கம் இல்லை. உதவியாளர்களின் சம்பளத்தை உயர்த்தச் சொல்லித் தொடங்கினாள். குழுவாக்கிய பேச்சுப் பயிற்சியில் வாய்ப்பேச்சு இல்லாத பிள்ளை எப்படிப் பின்னால் தள்ளப்படுவான் என்று நான்கு வரி. நீதிபதி வாடி வரவில்லை. பிறகு கேட்டபோது, "நேரம் போதலக்கா, எடுத்துட்டேன். சம்பள விஷயத்தைச் சொல்லணும்ல" என்றாள். மூன்று வாரம் இரவில் கண்விழித்துப் படித்தவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

கடைசி இருபது வினாடி மகன் முன்னால் வந்தான். டேப்லெட்டில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. வீட்டில் பலமுறை பழகியிருந்தார்கள். அவன் அதைத் தொடவில்லை. "பஸ்" என்று தொட்டான். மறுபடியும் "பஸ்". மூன்றாவது முறை "பஸ் எப்போது?" என்று இயந்திரக் குரல் கேட்டபோது மணி அடித்தது. வாரிய உறுப்பினர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். மணி எட்டு ஆகியிருந்தது, அவனுக்குத் தூங்கும் நேரம்.

உதவியாளர் வெட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். பேச்சுப் பயிற்சி குழுவாகவே போனது. மறுப்பதென்றால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தங்கை கேட்டு எழுதினாள். பத்தொன்பது நாள் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில் "பணியாளர் நிலவரம்" என்று இருந்தது. அதற்குத் தேதி போட்டு, ஓட்டை குத்தி, நான்காவது கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறாள்.